24 கோடி சொத்து, 60 லட்சம் அவசரம்: ஒரு ரங்கூன் வீட்டுக் கணக்கு

2021 ஜூலை 19, திங்கட்கிழமை. விடிவதற்குள் சித்தியிடமிருந்து அழைப்பு. "சித்தப்பாவுக்கு மூச்சு இழுக்குதுடா. விரல்ல மாட்டுற மிஷின் 86 காட்டுது" என்றார். கோவிட் மூன்றாம் அலையில் ரங்கூன் மூழ்கிக் கிடந்த வாரம் அது. மருத்துவமனையில் இடம் இல்லை. ஆக்சிஜன் ஆலை வாசல்களில் காலி சிலிண்டர்களோடு மக்கள் வரிசையில் நின்றார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆக்சிஜன் தயாரிக்கும் இயந்திரம் ஒன்று, சிலிண்டர் இரண்டு, மருந்து, இரவு பகல் பார்த்துக்கொள்ள ஒரு செவிலியர் என்று கணக்குப் போட்டதில் 60 லட்சம் கியாட் (பர்மா நாணயம்) வந்தது. எல்லாம் ரொக்கமாக வேண்டும், அதுவும் இரண்டு நாளில்.

சித்தப்பா ஏழை இல்லை. அந்த வீட்டின் சொத்து மதிப்பு ஏறக்குறைய 24 கோடி கியாட். அது எனக்கு நன்றாகத் தெரியும். பருப்பு வியாபாரிகளுக்குக் கணக்கெழுதுவதுதான் என் பிழைப்பு, அந்த வீட்டுக் கணக்கும் என் கையில்தான் இருக்கிறது. சொத்தில் நாற்பதில் ஒரு பங்கைப் புரட்ட ஏன் அவ்வளவு பாடு என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். குடும்பத்தார் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள். எண்களைக் கொஞ்சம் உருட்டி முழு எண்களாக்கியிருக்கிறேன்.

ஜனவரி மாதத்து ஐந்தொகை

ராணுவம் ஆட்சியைப் பிடித்தது பிப்ரவரி 1 அன்று. சொத்தையும் கடனையும் எழுதிக் காட்டும் ஐந்தொகைப்படி, அதற்கு முந்தின நாள் நிலவரம் இது. பபேடான் பகுதியில் மூன்றாம் மாடி வீடு, 15 கோடி. வங்கியில் வைப்பு, 3 கோடி. கூட்டாளியின் கிடங்கில் உளுந்து, இரண்டரைக் கோடி. கார், 2 கோடி. தங்கம் 8 கியாத்தா, ஒரு கோடிக்குச் சற்று மேல். ஒரு கியாத்தா நம் கணக்கில் ஏறக்குறைய 2 பவுன், அப்போது விலை சுமார் 13 லட்சம். சித்தி போட்டுவந்த சீட்டில் கட்டியது 20 லட்சம். பீரோவில் ரொக்கம் 15 லட்சம். அப்புறம் நூறு டாலர் நோட்டு எட்டு, அன்றைய விலைக்குப் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

கடன் ஒரு காசு இல்லை. எந்தக் கணக்குப்பிள்ளையும் 'நல்ல குடும்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். நானே போட்டிருப்பேன்.

பாடநூல்கள் இதை 'நீர்மைச் சொத்து', 'நீர்மையற்ற சொத்து' என்று பிரிக்கின்றன. எனக்கு அந்தச் சொல் நாக்கில் ஒட்டுவதில்லை. கடையில் நாங்கள் ஓடுகிற சரக்கு, தூங்குகிற சரக்கு என்போம். உளுந்து ஓடினால் பணம் ஓடும், கிடங்கில் வண்டு பிடித்துக் கிடந்தால் பணமும் அதோடு தூங்கும். சொத்துக்கும் அதே பேச்சுதான். நினைத்த நாளில், பெரிய நட்டமில்லாமல் ரொக்கமாக்க முடிந்தால் அது ஓடும் சொத்து. விலை இருந்தும் அந்த விலைக்கு அன்றைக்கு வாங்க ஆள் இல்லையென்றால் அது தூங்குகிறது. தூங்குகிற சொத்து மோசமான சொத்து என்று அர்த்தமில்லை. சித்தப்பா வாங்கிய எதைவிடவும் அந்த மூன்றாம் மாடி வீடுதான் அதிகம் விலை ஏறியிருக்கிறது.

பாடநூல் வரிசைப்படி ரொக்கம் முதலில், அடுத்து வங்கிப் பணம், அடுத்து தங்கம், பிறகு சரக்கு, கார், கடைசியில் வீடு. ஜூலை 19 அன்று அந்த வரிசை அப்படியே நிற்கவில்லை. இந்த ஆய்வில் நான் சொல்ல வந்த விஷயமே அதுதான்.

பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை

முதலில் விழுந்தது வங்கி. ஊழியர்கள் ராணுவ ஆட்சியை எதிர்த்த சட்டமறுப்பு இயக்கத்தில் சேர்ந்ததால் கிளைகள் வாரக்கணக்கில் திறக்கவில்லை. மார்ச் 1 முதல் மத்திய வங்கி உச்சவரம்பு போட்டது. தனிநபர் கிளையில் வாரத்துக்கு 20 லட்சம், ஏடிஎம்மில் நாளுக்கு 5 லட்சம். தாளில் அப்படி. வாசலில் வேறு. டோக்கன் வாங்க விடியற்காலை வரிசை, பத்து மணிக்கு இயந்திரத்தில் காசு தீர்ந்துவிடும். பிப்ரவரி முதல் ஜூன் முடிய ஐந்து மாதத்தில் சித்தப்பா வெளியே எடுத்தது மொத்தம் 38 லட்சம். வீட்டுச் செலவும் சீட்டுத் தவணையும் அதில் போயிற்று. பீரோவில் இருந்த 15 லட்சமும் கூடவே கரைந்தது.

இதில் ஒரு வினோதம் நடந்தது. கியாட் இரண்டு பணமாகப் பிரிந்துபோனது. கணக்கில் இருக்கும் கியாட் ஒன்று, கையில் இருக்கும் கியாட் மற்றொன்று. கைபேசியில் நீங்கள் 10 லட்சம் அனுப்பினால், ரொக்கம் வைத்திருக்கும் ஆள் 9 லட்சத்து 20 ஆயிரம் தருவான். மீதி அவன் கமிஷன். சித்தப்பா இப்படி இரண்டு முறை மாற்றினார், இரண்டு முறையும் 8 சதவீதம் போயிற்று. பருப்புச் சந்தையிலும் ஒரே மூட்டைக்கு ரொக்க விலை, கணக்கு விலை என்று இரண்டு சொன்னார்கள். பணமே தள்ளுபடியில் விற்கும் ஊரில் எதை ஓடும் சொத்து என்பது?

அந்த உளுந்து சமாசாரம் தனிக் கதை. பர்மா உளுந்தில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் போகும். நம் ஊர் இட்லி மாவுக்கு இங்கே விதைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஆகஸ்ட்டில் டெல்லி திடீரென்று இறக்குமதிக்கு அளவு கட்டியது. துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன். ரங்கூனின் பயின்னவுங் மொத்தச் சந்தையில் விலை சரிந்தது. முந்தின வாரம் வரை ரொக்கம்போல ஓடிய மூட்டை தூங்கப் போய்விட்டது. மூட்டை மாறவில்லை, உளுந்தும் மாறவில்லை, ஒரு அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான். 2020 அறுவடையில் சித்தப்பா வாங்கி வைத்த சரக்கும் அதே மாதிரி கிடந்தது. வண்டுக்கு மாத்திரை வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அந்த நாற்றத்தோடு கிடங்கு வாடகை மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது.

2021 மே 15 அன்று டெல்லி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தது. சரக்கு எழுந்து உட்கார்ந்தது. ஜூனில் 2 கோடியே 80 லட்சத்துக்குப் போனது. சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் வாங்கியவர் கணக்கில்தான் போட்டார். ரொக்கமாக வேண்டுமென்றால் ஏழு சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். கிட்டத்தட்ட 20 லட்சம் நட்டம். "சும்மா எதுக்கு அவனுக்குக் கொடுக்கணும், வங்கியிலேதானே இருக்கப் போகுது" என்று சித்தப்பா மறுத்தார். நானும் சரி என்றேன். அந்த 'சரி'யை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும்.

தூங்கிய சொத்து ஒன்று விழித்து, நேராக இன்னொரு தூங்கும் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

இரண்டு நாள்

ஜூலை 17 முதல் நாடு முழுக்கப் பொதுவிடுமுறை அறிவித்திருந்தார்கள், நோய்த்தொற்றுக்காக. அது பிறகு நீண்டுகொண்டே போனது. 19ஆம் தேதி வங்கிக் கிளை மூடியிருந்தது. நகைக்கடைகளும் மூடியிருந்தன. அதாவது பாடநூலின் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் ஒரே பூட்டில். கணக்கில் 5 கோடிக்கு மேல் பணம் இருக்கிறது என்று கைபேசித் திரை பளிச்சென்று காட்டுகிறது. அதில் ஒரு சிலிண்டர் வாங்க முடியாது. கைபேசி வழியாக மாற்றித் தரும் ஆளைக் கூப்பிட்டேன். 12 சதவீதம், அதுவும் 10 லட்சம்தான் முடியும், நாளை மறுநாள் வாங்க என்றான்.

கார்? அந்த வாரம் கார் வாங்குகிற மனநிலையில் ஊரில் யாரும் இல்லை. தரகர் போனை எடுத்துச் சிரித்தார்.

வீடு? அதை யோசிக்கவே இல்லை. அதன் பத்திரம் தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் மூத்த மகன், என் பெரியப்பா, அறுபதுகளில் கப்பலேறிச் சென்னைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டவர். அவருக்கு மூன்று பிள்ளைகள், எல்லோரும் இந்தியக் குடிமக்கள். இங்கே 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு அசையாச் சொத்து விற்கவோ கைமாற்றவோ கூடாது. வாரிசுச் சிக்கல் ஒருபக்கம், வாங்கக்கூடிய ஆட்களின் வட்டம் சிறியது இன்னொருபக்கம். நல்ல காலத்திலேயே ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும் வேலை.

காப்பாற்றியது சீட்டு. இருபது பேர், மாதம் ஆளுக்கு 2 லட்சம், மொத்தம் 40 லட்சம். காளியம்மன் கோயிலுக்கு வருகிற பெண்கள் சேர்ந்து நடத்துவது. பதிவும் இல்லை பத்திரமும் இல்லை, ஒரு நாற்பது பக்க நோட்டுதான். படித்தவன் என்ற திமிரில் நான் அதை ஐந்தொகையின் கடைசியில் எழுதுவேன். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஏலம் நின்றது, ஏப்ரலில் திரும்ப ஆரம்பித்தார்கள். ஜூலை ஏலம் பதினான்காவது.

"சித்தி, அந்தச் சீட்டை எடுத்துடலாமே?"

"நாலு மாசம் போனா தள்ளு கம்மியாகும்டா. இப்ப எடுத்தா ஆறு லட்சம் தள்ளணும்."

"தள்ளுங்க சித்தி."

ஆறு லட்சம் தள்ளி எடுத்தார், கையில் 34 லட்சம். தள்ளு என்பது வேறொன்றுமில்லை, இன்றைக்கே வேண்டும் என்பதற்கான விலை. நம் பெண்கள் இதை யாரும் சொல்லித்தராமல் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவருகிறார்கள். சந்தேகமிருந்தால் சித்தியிடம் கேட்டுப் பாருங்கள், எந்த மாதம் எடுத்தால் வட்டி எத்தனை விழும் என்று விரல் மடக்கிச் சொல்வார்.

பணம் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ரங்கூன் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். முனையில் ஒரு கிளிப் அல்லது பை. செய்தித்தாள், காய்கறி, சாவி எல்லாம் அதில்தான் ஏறும். நோய் பயத்தில் யாரும் படியேறவில்லை. 19ஆம் தேதி மாலையும் மறுநாள் காலையும் ஒவ்வொருவராகக் கீழே வந்து மணியை அடித்தார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில், பத்தாயிரம் கியாட் நோட்டாகக் கட்டி ரப்பர் வளையம் போட்டு அனுப்பினார்கள். சித்தி கயிற்றை இழுப்பார், நான் டெட்டாலைத் தெளித்துவிட்டு எண்ணுவேன். 340 நோட்டு. ஒருவரும் கைபேசியில் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பெண்கள் எல்லோரும் ரொக்கத்தை வீட்டில்தான் வைத்திருந்தார்கள்.

மீதிக்குத் தங்கம். கடை மூடியிருந்தாலும் பத்தர் வீடு பக்கத்துத் தெருவில் இருந்தது. சித்தியின் வளையல் 2 கியாத்தா எடை. கடை திறந்திருந்தால் கியாத்தாவுக்கு 16 லட்சம் வந்திருக்கும். பத்தர் பற்றுக்கும் சேதாரத்துக்கும் கழித்து, மேலும் கொஞ்சம் கழித்து, பதினாலரை லட்சம் தந்தார். இரண்டுக்கும் 29 லட்சம். நியாயமான ஆள்தான். அன்றைக்கு ரொக்கம் கொடுத்துத் தங்கம் வாங்க அவருக்கு மட்டும் என்ன பைத்தியமா, அவருக்கும் ஒரு ஈடு வேண்டாமா?

டாலரையும் கேட்டுப் பார்த்தோம். ஒன்று 1,600 கியாட்டுக்கு மேல் போன நேரம். ஆனால் இங்கே டாலர் நோட்டு மடிப்பில்லாமல், முத்திரை இல்லாமல், புத்தம் புதிதாக இருக்க வேண்டும். எட்டில் இரண்டை, நடுவில் ஒரு மெல்லிய மடிப்பு இருப்பதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாஷிங்டனில் செல்லும் நோட்டு ரங்கூனில் செல்லாது. ஆறு நோட்டை மாற்றிக் கைச்செலவுக்கு வைத்துக்கொண்டோம்.

20ஆம் தேதி மாலை இயந்திரம் வந்தது. சித்தப்பா பிழைத்தார். மாடி ஏறினால் இன்றைக்கும் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்குவார்.

பழைய பேரேடு

அந்த டாலர் நோட்டுகளை மடிப்பு விழாமல் வைத்திருந்தது ஒரு பழைய பேரேட்டுக்குள். என் கொள்ளுத்தாத்தா ஐராவதி டெல்டாவில் உள்ள பியாப்போனில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் கணக்கெழுதியவர். அதன் பக்கங்களுக்கு நடுவே செல்லாத நூறு கியாட் நோட்டுகளும் கிடக்கின்றன. 1964 மே 17 அன்று ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளை அரசு செல்லாதாக்கியபோது தாத்தா மாற்றாமல் விட்டவை. 1985இல் ஒருமுறை, 1987 செப்டம்பரில் இன்னொருமுறை அதே கூத்து நடந்தது. கடைசி முறை 25, 35, 75 கியாட் நோட்டுகள் போயின, ஈடாக ஒன்றும் தரவில்லை. 2003இல் தனியார் வங்கிகளில் மக்கள் முண்டியடித்தபோதும் எடுக்க வரம்பு வந்தது. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு ரொக்கத்தின் மீதும் வங்கியின் மீதும் ஒரு ஓரக்கண் இருப்பது இதனால்தான். சித்தப்பா வீட்டில் தங்கம் இருந்ததும் இதனால்தான். அப்படிப்பட்ட குடும்பம் 3 கோடியை ஒரே வங்கியில் எப்படிப் போட்டது என்றால், 2012க்குப் பிறகு வந்த எட்டு ஒன்பது வருடம் எல்லோரையும் கொஞ்சம் மறக்க வைத்தது.

ஆனால் பேரேட்டில் எனக்குப் பாடமாகப் படுவது நோட்டு அல்ல, நிலம். செட்டியார் கடை எப்படி ஓடியது? முதலாளியின் முதற்பணம் கொஞ்சம், உறவினர்களும் ஆச்சிமாரும் போட்ட வைப்பு, வெள்ளைக்கார வங்கிகளிடம் வாங்கிய கடன். இதைத் திரட்டி, ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயிக்கு நிலத்தின் பேரில் கொடுப்பார்கள். நடப்பு வட்டியை ரங்கூன் முகல் தெருவில் கூடி நிர்ணயிப்பார்கள். 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார்கள் கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்று அரசு நியமித்த வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அவர்களுக்கு வேண்டியது வட்டி, நிலமல்ல. 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்குதான்.

பிறகு உலக மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போனது. விவசாயி பணம் கட்ட முடியாமல் நிலத்தைக் கொடுத்தான். 1930களின் கடைசியில் அந்த 6 பங்கு 25 ஆகிவிட்டது, ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். ஐந்தொகையில் பார்த்தால் சொத்து குறையவே இல்லை, கடன் இருந்த இடத்தில் நிலம் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஊரில் இருந்து ஆச்சி வைப்பைத் திருப்பிக் கேட்டால் ஏக்கரைப் பொட்டலம் கட்டி அனுப்ப முடியுமா? வாங்க ஆள் இல்லை, வாங்கக்கூடியவனும் தன் நிலத்தை விற்க அலைகிறான். 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டது, லட்சக்கணக்கானோர் நடந்தே ஓடினார்கள். 1948இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. கொள்ளுத்தாத்தாவின் கடைசிப் பக்கத்தில் நில எண்களும் ஏக்கரும் வரிசையாக இருக்கின்றன, 'வரவு' என்ற பத்தியில்.

செட்டியார்கள் பேராசைப்பட்டார்கள், அழிந்தார்கள் என்று சுலபமாகச் சொல்வோர் உண்டு. கணக்கெழுதுபவனாக நான் பார்ப்பது வேறு. குறுகிய தவணையில் கேட்கக்கூடிய பணத்தை வாங்கி, நெடுங்காலம் முடங்கக்கூடிய இடத்தில் போட்டிருந்தார்கள். விவசாயி பக்கத்து நியாயம் வேறு, அதை இங்கே எடுத்தால் கட்டுரை முடியாது.

இப்போது

அதே ஆண்டு செப்டம்பரில் கியாட் சரிந்து, டாலர் 2,700 வரை போனது. ஜனவரியில் பீரோவில் இருந்த 15 லட்சத்தை யாராவது தொடாமல் வைத்திருந்தால், 1,100 டாலருக்கு மேல் இருந்தது 550 ஆகியிருக்கும். ரொக்கத்தைக் குவித்து வைப்பதும் தீர்வில்லை என்பதற்கு இதற்குமேல் கணக்கு வேண்டாம். அந்த வாரம் சிரித்த தரகர் தானாகக் கூப்பிட்டார். கார் 2 கோடி 60 லட்சம், உடனே ரொக்கம் என்றார். கியாட்டைக் கையில் வைத்திருக்கப் பயந்தவர்கள் காரையும் தங்கத்தையும் துரத்திக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா விற்கவில்லை.

வங்கிப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். இப்போது ஐந்தொகையில் நான் இரண்டு பத்திகளைக் கூடுதலாகப் போடுகிறேன். ஒன்று 'எத்தனை நாள்', மற்றொன்று 'யார் வாங்குவார்'. பத்தர் பெயரும் சீட்டுப் பெண்கள் பெயரும் இரண்டாவது பத்தியில் இருக்கின்றன. வங்கிக்கு நேரே சித்தி ஒரு கேள்விக்குறி போட்டார், நான் அழிக்கவில்லை. மாதச் செலவு அந்த வீட்டில் 6 லட்சமாக இருந்தது. ஆறு மாதச் செலவுக்கு ஈடாக, 'ஒரு நாள்' என்று எழுதக்கூடியது ஒரே இடத்தில் இல்லாமல் மூன்று இடத்தில் இருக்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். கொஞ்சம் ரொக்கம், சின்னச் சின்ன எடையில் தங்கம், ஒரு சீட்டு. 2 கியாத்தா வளையல் ஒன்றை விற்றால் முழுசாகத்தான் விற்க வேண்டும், கால் கியாத்தா நாணயமாக இருந்தால் தேவைக்கு ஒன்றை எடுக்கலாம். இது சித்தி சொன்னது.

மடிப்பு விழுந்த இரண்டு டாலர் நோட்டும் பேரேட்டுக்குள் திரும்பப் போய்விட்டன. வீடு இன்னும் தாத்தா பெயரில்தான். சென்னையில் இருக்கும் அண்ணனிடம், பெரியப்பா மகனிடம், போன மாதம் பேசினேன். சட்டத்தை விசாரித்துச் சொல்கிறேன் என்றான், அதற்குமுன் வீட்டின் இன்றைய விலை என்ன என்று கேட்டான்.